கிழக்கே ஆறடி, மேற்கே ஓரடி

அச்சுக்குப் போவதற்கு முன் நான் படிக்க வேண்டும் என்று உன் புத்தகத்தை நீ கூரியரில் அனுப்பிப் பதினோரு நாள் ஆகிறது. அதற்குள் நான்கு முறை போன் செய்து, படித்தாயா படித்தாயா என்று கேட்டுவிட்டாய். நான்கு முறையும் கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது என்று சொன்னேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் பக்கத்திலேயே, "அந்த வரப்பை இத்தனை ஆண்டுகள் காத்து நின்ற என் தாய்க்கு" என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்த பிறகு உன்னிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. பொங்கல் கழிந்ததும் நீயும் உன் மனைவியும் விமானம் ஏறுகிறீர்கள். இரண்டு வருடம் ஏதோ ஒரு குளிர் ஊரில் உட்கார்ந்து நம் வரப்பைப் பற்றிப் பேசப் போகிறாய். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலைக்கிறேன். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் பேராசிரியர் படிக்கட்டும், உன் மனைவி படிக்கட்டும், கொண்டுவந்து கொடுக்கிற பையன் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

முழுவதும் படித்தேன், இரண்டு முறை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து, அதிகாரிகள் எழுதி அனுப்பிய குப்பையை எல்லாம் படித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உன் முதல் மூன்று அத்தியாயம் மோசமில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் உத்திரமேரூரைச் சுற்றியிருந்த நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள் என்கிறாய். கிழக்கு மேற்காக வாய்க்கால், தெற்கு வடக்காக நடைவழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இன்ன வழிக்கு மேற்கே, இத்தனையாவது சதுரம் என்று கோயில் சுவரில் வயலுக்கு விலாசம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்திலிருந்து எடுத்த படத்தில் இன்றைக்கு இருக்கிற வரப்புகளைப் பார்த்தால் பல இடங்களில் பழைய கட்டம் தெரிகிறது என்கிறாய். பெருநகர் ஊருக்குப் பஸ் போகிற ரோடு கோணலாக வெட்டிக்கொண்டு போனாலும், அதன் இரண்டு பக்கத்திலும் வரப்புகள் பழைய திசையில்தான் நிற்கின்றன என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறாய். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தினமும் மிதித்த இடம், ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

நாலாம் அத்தியாயத்தில்தான் உன் புத்தி மேயப் போய்விட்டது. அது முழுக்க நம் வயலின் வடக்கு வரப்பு. சுற்றியுள்ள வரப்பெல்லாம் கட்டத்தோடு ஒத்துப்போகிறபோது இது மட்டும் ஒன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறதாம். அதனால் இது கட்டம் போட்ட காலத்துக்கும் முந்தியதாம். ஏரி மதகிலிருந்து சாய்வாக ஓடி வந்த ஏதோ ஒரு ஆதிகாலத்துக் கால்வாயின் கரையாம். ராஜாக்கள் வந்து ஊரையே அளந்து பிரித்தபோதும் இதைத் தொடத் துணியவில்லையாம். தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் அதே வரப்பு நேராக இருக்கிறதே என்று நீயே ஒரு கேள்வி கேட்டு, அளந்த சர்வேயர் கவனக்குறைவாக அளந்துவிட்டார் என்று நீயே பதிலும் எழுதியிருக்கிறாய். எப்போதோ செத்துப்போன மனிதன் திரும்பி வந்து கேட்க மாட்டான் என்ற தைரியம் உனக்கு. அவர் சரியாகத்தான் அளந்தார்.

ஆடி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா. எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. ஒருத்தி வரப்பில் படுத்துக்கொண்டு படம் எடுத்தாள். ஒருவர் கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதில் என்ன வாசனை கண்டாரோ, முந்தின நாள்தான் அங்கே எருமை கட்டியிருந்தது. பறக்கிற மிஷின் ஒன்றை ஏவிவிட்டீர்கள், ஊர்க் காக்காய் எல்லாம் கூடிவிட்டது. நான் அண்டா மோரோடு நின்றுகொண்டிருந்தேன். நீ வரப்பின் மேல் ஏறி நின்று, "இது ஆயிரம் வருஷத்துக்கு மேல யாரும் தொடாத கோடு" என்றாய். பிறகு குடவோலை கதைக்குப் போனாய். அடுத்தவர் பொருளைத் திருடியவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது என்று அந்தக் காலத்திலேயே நம் ஊரில் சட்டம் வைத்திருந்தார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். "அம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று உன் பேராசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார். மோர் புளித்துவிட்டதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்த வரப்பைச் சாய்த்தவள் நான்.

உனக்கு அண்டை வெட்டுவது என்றால் என்னவென்று தெரியும், ஆனால் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. மண்வெட்டி பிடித்திருந்தால்தானே எழுதுவாய். ஒவ்வொரு வருடமும் நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டில் முளைத்த புல்லையும் எலி வளையையும் மண்வெட்டியால் சீவி எடுத்துவிட்டு, சேறு பூசி அணைக்க வேண்டும். நம் பக்கத்தை நாம் சீவுவோம், அடுத்த வயல்காரன் அவன் பக்கத்தைச் சீவுவான். புல்லை மட்டும் சீவுகிறவன் யோக்கியன். புல்லோடு நாலு விரல் மண்ணையும் சேர்த்துச் சீவி, அந்த மண்ணை வரப்புக்கு அந்தப் பக்கம் அணைத்துவிட்டால் வரப்பு நாலு விரல் நகர்ந்துவிடும். யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த வருடமும் நாலு விரல். இதற்குப் பெயர் திருட்டு என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அண்டை வெட்டினேன் என்றுதான் சொல்வார்கள்.

உன் அப்பா தவறிப்போனபோது உனக்கு நாலு வயது. அந்த ஆனியில் அண்டை வெட்ட ஆள் கேட்டேன், ஒருவனும் வரவில்லை. நானே இறங்கினேன். வடக்கு வயல் உன் பெரியப்பாவுடையது, உன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் கரையில் நின்று, கூட இருந்தவர்களிடம், "பொம்பள வெட்ற அண்டை ஒரு மழ தாங்குமா? கரஞ்சிக்கினு போவும் பாரு" என்றார். சிரித்தார்கள். பசிக்காக வெட்டினேன், உனக்காக வெட்டினேன் என்று இப்போது எழுதினால் நீ அழுதுகொண்டே நம்பிவிடுவாய். அது பொய். நமக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் வெட்டினேன். அவர் போன பிறகு நாலு விரல் ஆழமாக மண்வெட்டியைப் போட்டேன். கையெல்லாம் கொப்புளம், மனசெல்லாம் சந்தோஷம்.

கிழக்கு மூலையில்தான் எப்போதும் தொடங்குவேன், வண்டிப்பாதை அந்தப் பக்கம் என்பதால். விடிந்ததும் இறங்கினால் உடம்பில் தெம்பு இருக்கும், கோபமும் இருக்கும், நாலு விரல் வெட்டுவேன். பாதி வரப்பு வரும்போது வெயில் ஏறிவிடும், இரண்டு விரல்தான் போகும். இருநூறு அடி தாண்டி மேற்கு மூலைக்கு வரும்போது இடுப்பு விட்டுப்போகும், புல்லைச் சீவினால் போதும் என்று இருக்கும். இருபத்து நாலு வருடம் இப்படி வெட்டினேன், முட்டி தேய்ந்து நிறுத்துகிற வரைக்கும். போன மாதம் கயிறு பிடித்து அளந்தேன். கிழக்கே ஆறடி, மேற்கே ஓரடி. நீ கருவி வைத்து அளந்த ஒன்றரை டிகிரி என் இடுப்பு வலி, மகனே. ஆதிகாலத்துக் கால்வாய் ஒன்றும் அங்கே ஓடவில்லை. சர்வேயர் நட்ட மூலைக்கல்லையும் மூன்றாம் வருடமே பிடுங்கிவிட்டேன். கொல்லையில் துணி துவைக்கிற கல் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து குளித்து வளர்ந்தவன் அந்தச் சர்வேயருக்குக் கவனக்குறைவு என்று எழுதுகிறாய்.

திருடியதாவது நிலம். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். வெட்டியது நான், பழி போட்டது அவர் மேல். "உன் பெரியப்பா நம்ம வரப்பைத் தின்கிறார்" என்று உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்தேன். நாம் திருடும்போது அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டால் மனசுக்கு வசதியாக இருக்கிறது. உன் பன்னிரண்டாவது வயதில், ஒருநாள் நீ ஓடிப்போய் அவர் வயலின் மடையை உடைத்துத் தண்ணீரை எல்லாம் வடியவிட்டு வந்தாய். "பெரியப்பாவுக்குப் பாடம் கத்துக் குடுத்துட்டேம்மா" என்றாய். நான் உன்னை அடித்திருக்க வேண்டும். இரண்டு முட்டை பொரித்துப் போட்டேன். உன் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம் என்று நீ சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. நம் வேன் கிளம்பியபோது அவர் டீக்கடை வாசலில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். எங்கோ போவதற்குப் புறப்பட்டவர் போலத்தான் நின்றார். நீ கண்ணாடியை ஏற்றிவிட்டாய்.

உன் நாற்பது பேர் மோர் குடித்துவிட்டுப் போன பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். கார்த்திகையில் ஒரு காலை நேராக உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மருந்தடிக்கிற மிஷினைப் பிரித்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, வூட்டுப் பக்கம் வந்துகீற? பையன் வெளியூரு போறானாமே."

"மாமா, நடுவால கீற வரப்ப நான்தான் வெட்டித் தள்ளிக்கீறேன். கிழக்கால ஆறடி. அது உங்க நெலம்."

மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியுமே" என்றார்.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னா ஆவும்? சர்வே, பஞ்சாயத்து, பேஜாரு. நீ இந்தாண்ட வெட்டிக்கினு வந்த, நான் அந்தாண்ட வெட்டிக்கினு போனேன். எனக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

"அப்ப உங்களுக்கு வடக்கால கீறவன்?"

"அவனுக்கு வடக்கால வாய்க்காலு. அது வாயத் தொறந்து கேக்குமா? முழுங்கிட்டான்."

இருபத்து நாலு வருடம் என்னை நான் பெரிய திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் வரிசையில் நானும் ஒருத்தி, அவ்வளவுதான். நான் அவரைத் தின்ன, அவர் அடுத்தவனைத் தின்ன, அடுத்தவன் வாய்க்காலைத் தின்றிருக்கிறான். நீ புத்தகத்தில் மூன்று பக்கம் புலம்பியிருக்கிறாயே, கோயில் சுவரில் பெயர் இருக்கிற வாய்க்கால் நிலத்தில் காணவில்லை, படையெடுப்பில் அழிந்ததா பஞ்சத்தில் அழிந்ததா என்று, அது எங்கள் அண்டையில் அழிந்தது. ஒரு படையும் வரவில்லை. கல்வெட்டைக் காட்டி உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான் என்று பஸ் ஸ்டாண்டில் பெருமை பேசுகிற ஊர் இது. நாலு அடி வாய்க்காலைக் காப்பாற்றத் துப்பில்லை. இந்தக் கார்த்திகை மழையில் வடக்கு வயல்களில் ஒன்பது நாள் தண்ணீர் நின்று பயிர் அழுகியது. வடிகால் இல்லை என்று எல்லோரும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

நிலத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "குடுத்தா வாங்கிக்கறேன். ஆனா நான் என் வடக்கால திருப்பிக் குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அவர் யோக்கியதை அவ்வளவுதான். எழுந்து வரும்போதுதான், மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒன்னு கேக்கறேம்மா. நெலத்தத் தின்ன, சரி. அந்தப் பையன் ஏன் என் மூஞ்சியே பாக்கறதில்ல? நான் அவன இன்னா பண்ணேன்?" எனக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் முடியவில்லை. வழியெல்லாம் அழுதேன். வயசான மனிதரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்துவிட்டோமே என்று இருந்தது.

இப்போது உனக்கு ஆகவேண்டியதைச் சொல்கிறேன். நான் வரப்பைத் தள்ளிய பிறகு, பழைய வரப்பு இருந்த இடம் நம் வயலுக்குள் வந்துவிட்டது அல்லவா. அந்த இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்குப் பயிர் என்றைக்கும் சரியாக வந்ததில்லை. எத்தனை தலைமுறை மிதித்து மிதித்து இறுகிய மண்ணோ. டிராக்டர்காரன் ஒவ்வொரு தடவையும், "இங்க மட்டும் கட்டாந்தரையா கீது, ஏர் ஏற மாட்டுது" என்று முணுமுணுப்பான். கதிர் பிடிக்கிற சமயத்தில் சுற்றிலும் பச்சையாக இருக்கும்போது அந்த இடம் மட்டும் முன்னாலேயே மஞ்சளாகிவிடும். கிழக்கிலிருந்து மேற்கு வரைக்கும் ஒரே கோடு. வரப்பு நன்றாக நகர்ந்த பிறகு ஒரு வருடம்தான் அதை முதலில் பார்த்தேன். நான் திருடியதை நெல்லே எழுதிக் காட்டுகிறதே என்று பயந்தேன். அன்றிலிருந்து வருடாவருடம் அந்த இரண்டடிக்கு மட்டும் தனியாகக் கூடுதல் யூரியா போட்டுப் பச்சையாக்கி மறைத்துவந்தேன். நீ விடுமுறைக்கு வந்தபோது, "ஏம்மா அங்க மட்டும் போடற?" என்று ஒருமுறை கேட்டாய். மண் சத்தில்லை என்று சொன்னேன். அதோடு விட்டுவிட்டாய். கேட்டால் வருகிற முதல் பதிலை வாங்கிக்கொண்டு போகிற புத்தி உனக்கு அப்போதே இருந்தது.

இந்த வருடம் அந்த யூரியாவைப் போடவில்லை. கோடு வந்திருக்கிறது. வரப்போடு சேராமல், கிழக்கே ஆறடி தள்ளியும் மேற்கே ஓரடி தள்ளியும் நூல் பிடித்தது போல நிற்கிறது. அதை அப்படியே மேற்கே நீட்டிப் பார்த்தால் அடுத்த நாலு வயல்களின் வரப்போடு ஒரே வரிசையில் சேர்கிறது. அந்த நாலு வயல்காரர்களும் ஊரிலேயே பெரிய சோம்பேறிகள், ஒழுங்காக அண்டையே வெட்டாதவர்கள். அவர்களிடம் மட்டும் பழைய வரப்பு நகராமல் இருந்திருக்கிறது. உன் ராஜா காலத்துக் கட்டம் இவ்வளவு நாள் பிழைத்திருப்பது இந்த மாதிரிச் சோம்பேறிகளால்தான். இந்தக் கோடு ஆயிரம் வருடமா, இருநூறு வருடமா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத உன்னைப் போல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் நீ தேடியது இருந்தால், அது இதற்குள்தான் இருக்கும்.

இன்னும் மூன்று வாரத்தில் அறுப்பு. அறுத்துவிட்டால் கோடு தெரியாது. அறுப்பு முடிந்த மறுநாள் ஆள் விட்டு வரப்பைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டேன், கல்லையும் மூலையில் நடச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு நீ நாலாம் அத்தியாயத்தில் போட்டிருக்கிற சாய்ந்த வரப்பு உலகத்திலேயே இருக்காது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து கோட்டைப் படம் எடுத்துக்கொள்வதா, இல்லை பொய் என்று தெரிந்தே அச்சுக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதா என்பது உன் பாடு. நான் தடுக்க மாட்டேன். தெரிந்தே பொய்யைக் காப்பாற்றுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், வருடத்துக்கு இரண்டு கிலோ யூரியாதான் செலவு. நீ எது செய்தாலும் முதல் பக்கத்தில் என் பெயருக்கு நீ எழுதிய வரியை மட்டும் அடித்துவிடு.

வருவதாக இருந்தால் நம் பக்கத்திலிருந்து வயலில் இறங்காதே. அந்தக் கோடும் அதற்கு வடக்கே இருப்பதும் உன் பெரியப்பாவின் நிலம். முதலில் அவர் வீட்டுக்குப் போ. அம்மா தின்றதையும், நீ மடையை உடைத்ததையும், பத்திரிகை வைக்காததையும் உன் வாயாலேயே சொல். நான் சொல்லாமல் விட்ட பதிலையும் நீயே சொல். அதன்பிறகு, உங்கள் வயலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேள். அவர் சரி என்றால் இறங்கு. முடியாது என்றால் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போ. உனக்கு விமானத்துக்கு நேரமாகும்.